யாருக்கும் சொந்தமில்லாத 13.5 சதவீதம்: ஒரு சிரப், மூன்று நாடுகள், குழந்தை இறப்பு

அசித்ரோமைசின் மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண ஆன்டிபயாடிக். அதைச் சிரப்பாகக் கலந்து, காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காமல், ஒரு கிராமத்தில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு வேளை கொடுத்தால் என்ன ஆகும்? இதை நைஜர், மலாவி, தான்சானியா என்ற மூன்று நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2018 ஏப்ரலில் முடிவு வந்தது: குழந்தை இறப்பு 13.5 சதவீதம் குறைந்தது. இந்தச் சோதனையைப் பற்றிப் பேசினால் முதலில் வாயில் வருவது இந்த எண்தான், நானும் பல நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் நாடுவாரியான கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். நைஜரில் 18.1, மலாவியில் 5.7, தான்சானியாவில் 3.4. அந்த 13.5 மூன்றில் எந்த நாட்டிலும் நடக்கவே இல்லை.

ஏழை நாடுகளில் குழந்தை இறப்பு இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று கேட்டால், இந்த ஒரு சோதனையை விரித்துச் சொன்னாலே பாதி விஷயம் புரிந்துவிடும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

சோதனையின் பெயர் மார்டார். பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள். 'எதிர்ப்பின்மேல் ஒரு கண் வைத்தபடி, இறப்புகளைக் குறைக்க வாய்வழி மேக்ரோலைடுகள்' என்பது மாதிரி வரும். மேக்ரோலைடு என்பது அசித்ரோமைசின் சேர்ந்த மருந்துக் குடும்பம். நல்லது நடக்கும் என்ற ஆசையும், கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுமோ என்ற பயமும் பெயரிலேயே இருக்கின்றன. பயத்தைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமானது. ட்ரக்கோமா என்ற கண்நோய் பார்வையைப் பறிக்கும். அதற்காக ஊர் ஊராக அசித்ரோமைசின் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மருந்தை ஃபைசர் நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவந்தது. எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் அப்படி மருந்து கொடுத்த ஊர்களில் ஒன்று முதல் ஒன்பது வயதுவரையிலான குழந்தைகள் சாவது மற்ற ஊர்களைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தது. 2009இல் இது வெளியானது. கண்ணுக்குக் கொடுத்த மருந்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறதா? பாதி என்பது நம்பச் சிரமமான அளவு, சோதனையும் அதற்காக அமைக்கப்பட்டதல்ல. அதனால் இறப்பை மட்டுமே குறியாக வைத்துப் பெரிய அளவில் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் பிராக்டர் அறக்கட்டளையைச் சேர்ந்த டாம் லீட்மன் குழு முன்னின்றது, கேட்ஸ் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1,533 ஊர்கள், ஏறக்குறைய 1,90,000 குழந்தைகள்.

வேலை எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எண்களின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன. பணியாளர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நிற்கத் தெரிந்த குழந்தையை அளவுக்கோடு போட்ட ஒரு கம்பின் பக்கத்தில் நிறுத்துவார்கள். ட்ரக்கோமா முகாம்களில் பழகிய முறை இது, எடை பார்க்காமல் உயரத்தை வைத்தே எத்தனை மில்லி என்று சொல்லிவிடலாம். கைக்குழந்தையை மட்டும் எடை போட்டுக் கொடுப்பார்கள். பாட்டிலில் இருப்பது மருந்தா, மருந்தில்லாத வெறும் சிரப்பா என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து, போன தடவை பதிவுசெய்த ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லிக் கேட்பார்கள்: இருக்கிறதா, ஊர் மாறிவிட்டதா, இறந்துவிட்டதா. இதுதான் மொத்த அளவீடும். இரத்தப் பரிசோதனை கிடையாது, ஆஸ்பத்திரிச் சான்றிதழ் கிடையாது. இரண்டு வருகைகளுக்கு நடுவில் பிறந்து நடுவிலேயே போய்விட்ட குழந்தை எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஒரு மாதம் நிறையாத குழந்தைகளை முதலிலேயே சேர்க்கவில்லை.

இனி எண்கள். ஒரு குழந்தை ஓர் ஆண்டு வாழ்ந்தால் அதை ஒரு குழந்தை-ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தில்லாத ஊர்களில், ஆயிரம் குழந்தை-ஆண்டுகளுக்கு நைஜரில் 27.5 இறப்புகள், மலாவியில் 9.6, தான்சானியாவில் 5.5. என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி இதுதான், மருந்தைப் பற்றிய வரிகூட இதற்கு அப்புறம்தான். எல்லா வயதிலும் ஒரே வீதம் என்று வைத்துக்கொண்டு தோராயமாகப் பெருக்கிப் பார்த்தேன்: முதல் மாதத்தைத் தாண்டிய ஆயிரம் குழந்தைகளில், ஐந்தாவது பிறந்தநாளுக்குள் நைஜரின் அந்தப் பகுதியில் சுமார் 125 பேர், மலாவியில் சுமார் 46 பேர், தான்சானியாவில் சுமார் 27 பேர் இறந்திருப்பார்கள். சோதனை நடந்த காலத்தில் மூன்றுமே உலக வங்கியின் பட்டியலில் குறைந்த வருமான நாடுகள். தலா வருமானத்தில் மலாவி நைஜரைவிட ஒன்றும் வசதியான நாடு அல்ல. ஆகவே 'ஏழ்மைதான் காரணம்' என்று சொல்லி இந்தக் கணக்கை மூடிவிட முடியாது.

ஏன் நைஜரில் தான்சானியாவைவிட ஐந்து மடங்கு?

நைஜரில் சோதனை நடந்த இடம் தென்மேற்கே தோஸ்ஸோ பகுதியில் உள்ள லோகா, போபோயே என்ற இரண்டு மாவட்டங்கள். சகாராவுக்குக் கீழே உள்ள சாஹேல் நிலம். கம்புத் தானியம்தான் உணவு, அதுவும் ஆண்டுக்கு ஒரே ஒரு மழைக்காலத்தை நம்பி. அறுவடை செப்டம்பர், அக்டோபரில். ஜூன், ஜூலைக்குள் போன வருடத்துக் கம்பு குதிரில் தீர்ந்துவிடும், புதுக் கம்பு வயலில் இன்னும் பச்சையாக நிற்கும். அதே நேரத்தில்தான் மழை வரும், மழையோடு கொசு வரும், கொசுவோடு மலேரியா வரும். குழந்தை ஆண்டிலேயே மிக மெலிந்து கிடக்கிற மாதங்களும் மலேரியா உச்சத்தில் இருக்கிற மாதங்களும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. தாய்க்கும் அதே மாதங்களில்தான் வயலில் வேலை அதிகம், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடக்க நேரம் கிடைக்காத மாதங்கள்.

மழை முடிந்தால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. வறண்ட காலத்தில், சகாராவிலிருந்து புழுதிக்காற்று அடிக்கும் மாதங்களில், மூளைக்காய்ச்சல் வரும். நைஜர் 'மூளைக்காய்ச்சல் பட்டை' என்று சொல்லப்படும் நிலப்பரப்பின் நடுவில் இருக்கிறது. 2010இல் அங்கே 'ஏ' வகைக் கிருமிக்கு எதிரான புதுத் தடுப்பூசி வந்தது, அந்த வகை அடங்கியது. ஆனால் 2015இல், அதாவது இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே, 'சி' வகை கிளம்பி 8,500 பேருக்கு மேல் நோய் என்று பதிவாகி, 500க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதிகம் அடிவாங்கிய பகுதிகளில் தோஸ்ஸோவும் ஒன்று.

இன்னொன்று தடுப்பூசி வந்த வரிசை. நிமோனியா வரவைக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி மலாவியில் 2011இலேயே போடத் தொடங்கியாயிற்று, தான்சானியாவில் 2013 வாக்கில். நைஜரில் 2014இல்தான். சோதனை தொடங்கியதும் அந்த ஆண்டின் கடைசியில்தான். அதனால் சிரப்பு போய்ச் சேர்ந்தபோது மற்ற இரண்டு நாடுகளிலும் நிமோனியாவின் ஒரு பங்கை ஏற்கெனவே வேறொருவர் வந்து துடைத்துவிட்டுப் போயிருந்தார் என்று சொல்லலாம்.

இதிலிருந்து மருந்தின் கதையும் பிடிபடுகிறது. நைஜரில் இறந்த குழந்தைகளின் வீட்டாரிடம் அறிகுறிகளைக் கேட்டுக் காரணத்தைக் கணித்தபோது, மருந்து கொடுத்த ஊர்களில் மலேரியா, சீதபேதி, மூளைக்காய்ச்சல், நிமோனியா ஆகியவற்றால் வந்த இறப்புகள் குறைவாகத் தெரிந்தன. பாக்டீரியாவோடு மலேரியாக் கிருமியையும் ஓரளவு இந்த மருந்து தாக்கும். இவை அத்தனையும் சேர்ந்து வரிசைகட்டி நிற்கும் இடத்தில் சிரப்புக்கு வேலை இருக்கிறது. இவற்றில் பாதியை ஏற்கெனவே வேறு வழியில் விரட்டிவிட்ட இடத்தில் அதற்குச் செய்ய அதிகம் மிச்சமில்லை.

மற்ற இரண்டு நாடுகளும் சும்மா இருந்து அந்த நிலைக்கு வரவில்லை. தான்சானியாவில் சோதனை நடந்தது மொரோகோரோ மாகாணத்தின் கிலோசாவில். அதே மாகாணத்தின் மொரோகோரோ ஊரக மாவட்டத்திலும் கடலோர ருஃபிஜியிலும் 1990களின் கடைசியில் ஒரு காரியம் செய்தார்கள்: வீடுவீடாக இறப்புகளைக் கணக்கெடுத்து, எந்த நோய் எத்தனை உயிரை எடுக்கிறது, அதற்கு மாவட்டம் எவ்வளவு செலவழிக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இழந்த ஆயுளில் சுமார் 30 சதவீதம் மலேரியாவால் போயிருந்தது, பட்ஜெட்டில் அதற்கு 5 சதவீதம். அதைத் திருத்தினார்கள், கொசுவலைக்குக் காசு போயிற்று, நோயுற்ற குழந்தையை முழுசாகப் பார்த்துச் சிகிச்சை தரும் முறையில் செவிலியர்களுக்குப் பயிற்சி போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் குழந்தை இறப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கூடுதலாக ஆன செலவு ஆளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. இப்படி எண்ணைப் பார்த்துப் பணத்தை நகர்த்துவது கேட்க ரொம்பச் சுலபமாக இருக்கிறது, செய்தவர்கள் குறைவு. கிலோசா அந்த இரண்டு மாவட்டங்களில் ஒன்றல்ல, ஆனால் அதே காற்றுதான் நாடு முழுவதும் வீசியது.

மலாவியில் சோதனை நடந்தது மலாவி ஏரியின் தெற்கு முனையில் உள்ள மங்கோச்சியில். அங்கே ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற இலக்கோடு அரசு சம்பளத்தில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். 2008இலிருந்து இவர்கள் தொலைதூர ஊர்களில் ஒரு பெட்டி மருந்தோடு உட்கார்ந்து மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு மூன்றையும் பார்க்கத் தொடங்கினார்கள். காய்ச்சல் வந்த நாளுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையே உள்ள நேரத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். ஐந்து வயதுக்குட்பட்ட இறப்பை 1990இல் இருந்ததைவிட மூன்றில் இரண்டு பங்கு குறைப்பது என்ற ஐ.நா. இலக்கை, கெடு வைத்த 2015க்கு முன்பே மலாவி எட்டியது.

நைஜர் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1998இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 226 ஆக இருந்த ஐந்து வயதுக்குட்பட்ட இறப்பு 2009இல் 128. பதினொரு ஆண்டில் 43 சதவீதம் இறக்கம். கொசுவலை, வைட்டமின் ஏ, தடுப்பூசி, 2006இலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசச் சிகிச்சை, ஊர்தோறும் சின்னச் சுகாதார நிலையங்கள் என்று பல சேர்ந்து இதைச் செய்தன. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு பிள்ளைக்கு மேல் அப்போது பிறந்த நாட்டில் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் புறப்பட்ட இடம் அவ்வளவு கீழே, அதனால் இவ்வளவு ஏறி வந்த பிறகும் மற்றவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

கொஞ்சம் நானே போட்ட கணக்கு

சதவீதத்தை விட்டுவிட்டு உயிர்க்கணக்கில் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகிறது. நைஜரில் 27.5 என்பது 22.5 ஆனது. ஆயிரம் குழந்தை-ஆண்டுக்கு ஐந்து உயிர், அதாவது 200 குழந்தை-ஆண்டுக்கு ஒன்று; ஆண்டுக்கு இரண்டு வேளை என்றால் 400 வேளை மருந்துக்கு ஓர் உயிர். மலாவியில் இதே கணக்கு சுமார் 3,700 வேளை. தான்சானியாவில் பத்தாயிரம் வேளைக்கு மேல். அதே பாட்டில், அதே அளவுக்கம்பு, அதே வாசல்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நானும் தலைப்பு எழுதுகிறவன் ஆகிவிடுவேன். மலாவி, தான்சானியா முடிவுகள் தனித்தனியாகப் பார்த்தால் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம், அந்த அளவுக்கு அவற்றின் பிழை எல்லை அகலம். தான்சானியாவில் மருந்து ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சாத்தியம், நைஜர் அளவுக்கு வேலை செய்தது என்பதும் சாத்தியம். மூன்று நாடுகளின் பிழை எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஏன் என்றால் இறப்புகளில் பெரும்பங்கு நைஜரில்தான் நடந்தது. இறப்பு குறைவான இடத்தில் இறப்பைக் குறைக்கிறதா என்று நிரூபிக்கவே முடியாத அளவுக்கு ஆள் தேவைப்படும். சொல்லும்போதே வயிற்றைப் பிசைகிறது, ஆனால் புள்ளியியல் அப்படித்தான். அந்த 13.5இன் உறுதி, பெரும்பாலும் நைஜர் குழந்தைகள் கொடுத்த உறுதி.

சராசரி இன்னொரு இடத்திலும் காலை வாரியது. மூன்று நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று முதல் ஐந்து மாதக் குழந்தைகளிடம்தான் பலன் அதிகம், 24.9 சதவீதம். மறுபக்கம் கிருமிகள் மருந்துக்குப் பழகும் பயம்: நைஜரில் இரண்டு ஆண்டு முடிவில், மூக்கில் வாழும் நிமோகாக்கஸில் மேக்ரோலைடுக்கு அடங்காதது மருந்து கொடுத்த ஊர்களில் 12.3 சதவீதம், கொடுக்காத ஊர்களில் 2.9. இரண்டையும் தராசில் வைத்து உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஒரு வழிகாட்டுதல் தந்தது: எல்லோருக்கும் வேண்டாம், சகாராவுக்குத் தெற்கே இறப்பு மிக அதிகமான இடங்களில், ஆயிரத்துக்கு 80க்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட இறப்பு அல்லது 60க்கு மேல் சிசு இறப்பு உள்ள பகுதிகளில், ஒன்று முதல் பதினொரு மாதக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்கலாம். இடத்தை அளவுகோலாக வைத்தது சரியான முடிவு. வயதை வெட்டியதும் அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். குறைவான பேருக்கு மருந்து, அதிகப் பலன், குறைவான எதிர்ப்பு.

அதை நைஜரிலேயே சோதித்தார்கள். அவெனிர் என்று பெயர், 2020 கடைசியில் தொடங்கியது, 3,000 ஊர்கள், முடிவு 2024இல். சில ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் மருந்து, சில ஊர்களில் கைக்குழந்தைகளுக்கு மட்டும், சில ஊர்களில் யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் கொடுத்த ஊர்களில் ஆயிரம் குழந்தை-ஆண்டுக்கு இறப்பு 13.9இலிருந்து 11.9க்கு, 14 சதவீதம் இறங்கியது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்த ஊர்களில் அந்தக் கைக்குழந்தைகளின் இறப்பு 23.9க்குப் பதிலாக 22.3, தற்செயல் இல்லை என்று சொல்ல முடியாத வித்தியாசம். இனிமேல்தான் விஷயம். எல்லோருக்கும் கொடுத்த ஊர்களில் கைக்குழந்தைகளின் இறப்பு 18.5.

குழந்தைக்கு மட்டும் கொடுத்தால் குழந்தை அவ்வளவாகப் பிழைக்கவில்லை, அதன் அண்ணன் அக்காவுக்கும் சேர்த்துக் கொடுத்தால் பிழைக்கிறது. கொஞ்சம் யோசித்தால் ஆச்சரியம் குறையும்: நாலு வயது அக்கா இடுப்பில் சுமந்து திரிகிற தம்பிக்குக் கிருமி எங்கிருந்து வரும்? அவள் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும்தான். அந்த வீட்டில் வயது வாரியாகக் கோடு போட்டுப் பிரித்தது நாம், கிருமிக்கு அந்தக் கோடு தெரியாது. மருந்து எதிர்ப்பைக் குறைக்கலாம் என்று எண்ணிப் போட்ட வரம்பு, பலனின் பெரும்பகுதியையும் சேர்த்து வெட்டிவிட்டது.

பக்கத்து நாடான புர்க்கினா ஃபாஸோவிலும் பார்த்தார்கள். நூனா பகுதியில் இறப்பு 10.0க்கு எதிராக 8.2, திசை அதேதான், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுக்களுக்குக் கொடுத்த இன்னொரு சோதனையில் 21,000க்கு மேல் குழந்தைகளைச் சேர்த்தும் பலன் நிரூபணமாகவில்லை, காரணம் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் அரை சதவீதம் அளவுதான், எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆராய்ச்சியாளர்களுக்கு ஏமாற்றம், ஊருக்கு நல்ல செய்தி.

நைஜருக்குள்ளேயும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது போல. முதல் சோதனையில் மருந்தில்லாத ஊர்களில் 27.5, இரண்டாவதில் 13.9. இரண்டாவது சோதனை வேறு பகுதிகளையும் சேர்த்தது, அதனால் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. இருந்தாலும் அந்த நாட்டின் எந்த மூலையில் நின்று எண்ணுகிறோம், எந்த ஆண்டில் எண்ணுகிறோம் என்பதற்கேற்ப எண் பாதியாகவும் இரட்டிப்பாகவும் ஆகிறது என்பது மட்டும் தெரிகிறது. 99 ஏழை மற்றும் நடுத்தர நாடுகளைச் சின்னச் சின்ன நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்து 2019இல் வெளியான ஒரு வரைபட ஆய்வு இதையே பெரிய அளவில் காட்டியது: 2000இலிருந்து 2017வரை அந்த நாடுகளில் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட 12.3 கோடிக் குழந்தைகளில், ஒவ்வொரு நாட்டின் எல்லாப் பகுதிகளும் அந்நாட்டின் மிகச் சிறந்த பகுதியைப் போல இருந்திருந்தால் 58 சதவீதம் பேர் இறந்திருக்க மாட்டார்கள். வேறு நாட்டைப் பார்த்து ஏங்க வேண்டிய அவசியமே இல்லை, சொந்த நாட்டின் நல்ல மாவட்டம் போதும்.

சரி, ஆயிரத்துக்கு 80 என்ற வரம்பை வைத்து எந்த மாவட்டத்துக்கு மருந்து அனுப்புவது என்று ஒரு சுகாதார அதிகாரி முடிவெடுக்க வேண்டும். அவர் கையில் இருப்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் குடும்பநலக் கணக்கெடுப்பு. அது மாகாண அளவில் பேசும், மாவட்டத்தைப் பற்றிக் கேட்டால் தயங்கும், அதுவும் கடந்த பத்தாண்டில் நடந்த இறப்புகளைத் தாய்மார்கள் நினைவிலிருந்து சொன்னது. பிறப்பும் இறப்பும் பதிவாகாத இடங்களில்தான் குழந்தைகள் அதிகம் இறக்கிறார்கள், அங்கே எண் கிடைக்க வேண்டுமென்றால் யாராவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வாசலில் போய் நின்று, போன தடவை எழுதிய பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். சோதனை நடந்த வருடங்களில் லோகாவிலும் போபோயேவிலும் அப்படி ஒருவர் வந்துகொண்டிருந்தார்.